கருவி இருக்கிறது, பிடிக்கும் கை எங்கே?

'ஸ்கேன்' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் அமிர்தகழியில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைத்தாய்ச்சிதான். அடுத்ததாகச் சிறுநீரகக் கல். அத்தோடு அந்தக் கருவியின் பணி முடிந்துவிட்டது என்று எண்ணுவோரே அதிகம். இடுப்பு மூட்டில் நோவு என்று போகிறவனுக்கும் அது உதவும், அவனுடைய சத்திரசிகிச்சையிலும்கூட அதற்கு இடமுண்டு என்று சொன்னால், படித்தவர்களே சிரிக்கிறார்கள். நமது பள்ளிப் பாடநூல்கள் அந்த ஒலியைக் கழியொலி என்கின்றன. தமிழ்நாட்டு நண்பர்கள் மீயொலி என்பர். பெயர் எதுவாயினும் அதைப் பற்றிய நமது அறிவு கர்ப்பிணிகள் கிளினிக்கின் வாசலோடு நின்றுவிட்டது.

இப்பத்தியில் நான் சொல்ல விழைவது ஒன்றே. இடுப்பு மூட்டுச் சத்திரசிகிச்சையில் கழியொலியைப் பயன்படுத்துவது பற்றி உலகில் நடைபெறும் விவாதம் வசதி படைத்த நாடுகளின் பொழுதுபோக்கன்று. எங்களைப் போன்ற ஊர்களுக்கே அது முதலில் உரியது. ஆனால் அதன் பயன் நம்மை வந்தடைய வேண்டுமாயின், கருவிக்கு மாலை போட்டுப் படமெடுக்கும் வழக்கத்தை விட்டு, கருவியைப் பிடிக்கும் கைக்குச் செலவழிக்கும் வழக்கத்துக்கு நாம் வந்தாக வேண்டும். சுகாதார அமைச்சு, அரசியல்வாதிகள், புலம்பெயர்ந்த எமது உறவுகள் ஆகிய முத்தரப்பாருக்கும் இது பொருந்தும்.

முதலில் நோயைப் பார்ப்போம். தொடையெலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பந்துபோல் சுழல்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி, நாரும் கசியிழையமும் கலந்த வளையமொன்று உண்டு. சிலருக்குத் தொடையெலும்பின் தலையும் கழுத்தும் சந்திக்குமிடத்தில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். வேறு சிலருக்குக் குழியின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டு தலையை மூடியிருக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. காலை மடக்கி உட்புறமாகத் திருப்பும்போது புடைப்பும் விளிம்பும் ஒன்றையொன்று இடிக்கின்றன. இடையில் அகப்பட்ட வளையம் நசிகிறது, நாளடைவில் கிழிகிறது, பின்னர் கசியிழையமும் தேய்கிறது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் கான்ஸும் அவரது குழுவினரும், 600க்கும் மேற்பட்ட இடுப்பு மூட்டுகளைத் திறந்து பார்த்த அனுபவத்தை வைத்து 2003ஆம் ஆண்டில் இதை விளக்கினார்கள். வயோதிபத்தில் வரும் மூட்டுத் தேய்வு பலருக்கு இளமையிலேயே இந்த இடியிலிருந்து தொடங்குகிறது என்பது அவர்களது வாதம். பதின்ம வயதில் கடுமையாக விளையாடியவர்களிடம் இந்தப் புடைப்பு அதிகம் காணப்படுகிறது என்பதும் பின்னர் தெரியவந்தது.

மேலைநாட்டு மருத்துவர்கள் இதை விளையாட்டு வீரரின் நோய் என்றே பெரும்பாலும் எழுதுகிறார்கள். அவர்களது வாழ்க்கை கதிரையில் நடப்பது. எங்களுடையது அப்படியா? வாவிக்கரையில் குந்தியிருந்து வலை பொத்துகிறவன், வயலில் குனிந்து களை பிடுங்குகிறவள், பந்தியில் சம்மணமிட்டு அமர்கிறவர், பாயில் படுத்தெழுகிற முதியவள், ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் தீர்த்தக் குளத்தின் படிகளில் இறங்குகிறவர் ஆகிய எல்லோருக்கும் முழுதாக மடங்குகின்ற இடுப்பு வேண்டும். இடுப்பு மடங்காதவனுக்கு எங்கள் ஊரில் மலசலகூடமே பெருந்துன்பம். அங்கே விளையாட்டைப் பறிக்கின்ற இந்நோய் இங்கே தொழிலையே பறித்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்த இளைஞன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். வெபர் மைதானத்தில் பந்துதைத்து வளர்ந்தவன். இருபத்திரண்டு வயதில் தொடையிடுக்கில் நோவு தொடங்கிற்று. நாரிப்பிடிப்பு என்றார்கள், வாதம் என்றார்கள். முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெய், தனியார் மருத்துவமனையொன்றின் ஊசி, நாரியெலும்புக்கு மூன்று முறை எக்ஸ்றே என்று நான்கு ஆண்டுகள் கழிந்தன. படங்கள் மட்டும் ஒரு பைநிறையச் சேர்ந்தன. கடைசியில் இளம் வைத்தியர் ஒருவர் அவனை மல்லாக்காகக் கிடத்தி, முழங்காலை நெஞ்சுப் பக்கமாக மடக்கி, தொடையை உட்புறம் திருப்பினார். பையன் அலறிவிட்டான். பிறகு அவர் கழியொலிக் கருவியின் திரையைப் பார்த்தபடி மூட்டுக்குள் மரப்பூசி ஏற்றினார். கால்மணி நேரத்தில் நோவு அடங்கியது. நோவின் பிறப்பிடம் நாரியன்று, இடுப்பு மூட்டுத்தான் என்பது அப்போது உறுதியாயிற்று. நான்கு ஆண்டுகளில் பை நிறைந்த படங்கள் சொல்லாததைப் பழகிய கை ஒரே மாலையில் சொல்லிவிட்டது. அந்த மாலையில் பயன்பட்ட கருவி புதியதுமன்று, விலையுயர்ந்ததுமன்று.

இனிச் சத்திரசிகிச்சைக்கு வருவோம். இன்று இந்நோய்க்குப் பெரும்பாலும் துளைவழிச் சத்திரசிகிச்சையே செய்கிறார்கள். நோயாளியை மயக்கி, காலை இழுத்துக் கட்டி, மூட்டைச் சிறிதளவு விலக்குவார்கள். பின்னர் நீண்ட ஊசியொன்றைத் தோலிலிருந்து மூட்டின் இடைவெளிக்குள் செலுத்தி, அதன்வழி கம்பி, அதன்மேல் குழாய், குழாய்க்குள் கமரா என்று படிப்படியாக உள்ளே போவார்கள். கிழிந்த வளையத்தைத் தைப்பார்கள், புடைத்த எலும்பைச் செதுக்குவார்கள். இதில் மிக இக்கட்டான கட்டம் முதலாவது ஊசிதான். இடுப்பு மூட்டு உடலின் ஆழத்தில் கிடப்பது. முன்பக்கத்தில் தொடையின் பெருநாடியும் நரம்பும் ஓடுகின்றன. ஊசி சற்றுப் பிசகினால் காப்பாற்ற வந்த வளையத்தையே குத்திவிடும், கசியிழையத்தைக் கீறிவிடும். ஆகவே 'சி-ஆர்ம்' எனப்படும் எக்ஸ்றே இயந்திரத்தை மேசையருகே நிறுத்தி, படம் பார்த்துப் பார்த்து ஊசியைச் செலுத்துவதே வழக்கம். அறையிலுள்ள எல்லோரும் ஈய அங்கி அணிந்து நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கழியொலி நுழைகிறது. 2009ஆம் ஆண்டில் சீன சத்திரசிகிச்சை நிபுணர்கள், கழியொலியின் துணையோடு ஊசியை மூட்டுக்குள் செலுத்தித் துளைவழிகளை அமைத்த தமது அனுபவத்தை வெளியிட்டார்கள். 2014இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் அத்தகைய செய்முறை விளக்கம் வந்தது. எக்ஸ்றே காட்டாதவற்றைக் கழியொலி காட்டும். எலும்பின் மேற்பரப்பு, மூட்டின் உறை, உள்ளே தேங்கிய நீர், ஓடுகின்ற இரத்தக் குழாய், நுழைகின்ற ஊசி எல்லாம் ஒரே திரையில் அந்தக் கணத்திலேயே தெரியும். கதிர்வீச்சு இல்லை. ஒரு நோயாளிக்கு ஒருமுறை விழும் கதிர்வீச்சு பெரிதன்று என்பது உண்மையே. ஆயினும் இந்நோயாளிகளில் பலர் பிள்ளை பெறும் வயதினர், கதிர் படும் இடம் இடுப்புக்கூடு என்பதையும், நாள்தோறும் அந்த மேசையருகே நிற்கின்ற தாதியரையும் வைத்தியரையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்த ஒலி மருத்துவத்துக்குள் வந்த வரலாறும் அறியத்தக்கது. கிளாஸ்கோவின் இயன் டொனால்ட் 1950களின் நடுப்பகுதியில் தமது முதற் சோதனைகளைச் செய்தது, கொதிகலன் தொழிற்சாலையில் உலோகத்தின் விரிசலைக் காண வைத்திருந்த கருவியைக் கொண்டுதான். 1958இல் அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. இடுப்பு மூட்டுக்கும் கழியொலிக்கும் உள்ள உறவும் புதிதன்று. 1980இல் ஒஸ்ரியாவின் ரைன்ஹார்ட் கிராஃப், பச்சிளங் குழந்தையின் இடுப்பு மூட்டு சரியாக அமைந்துள்ளதா என்பதை இவ்வொலியால் கண்டறியும் முறையை வகுத்தார். 1992இல் அந்நாடு எல்லாப் பிறந்த குழந்தைகளுக்கும் அச்சோதனையைப் பொதுவாக்கியது. வாழைச்சேனைத் துறைமுகத்துப் பலநாட் படகுகளில் மீன்கூட்டத்தைத் தேடும் கருவியும் எதிரொலித் தத்துவத்தில் இயங்குவதே. கடலுக்குள் ஒலியை அனுப்பித் திரும்பி வருவதைப் படிக்கத் தெரிந்த மீனவனைக் கொண்ட மாவட்டம் இது. திரையில் தெரியும் புள்ளி மீனா பாறையா என்பதைச் சொல்லக் கருவிக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும்.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றை மறைத்து எழுதுவது நேர்மையன்று. கழியொலி எலும்பை ஊடுருவாது, மேற்பரப்பைத்தான் காட்டும். பருத்த உடலினரின் ஆழ்ந்த மூட்டில் படம் மங்கும். எலும்பை எவ்வளவு செதுக்குவது என்பது இன்னொரு சிக்கல். குறைவாகச் செதுக்கினால் நோவு தீராமல் மறுபடியும் சத்திரசிகிச்சை வேண்டியிருக்கும், கூடுதலாகச் செதுக்கினால் தொடையெலும்பின் கழுத்தே முறியலாம். அந்த அளவைத் தீர்மானிக்க எக்ஸ்றேயையே பெரும்பாலோர் நம்பியிருக்கிறார்கள். கழியொலி பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் கைதேர்ந்த சிலர் சிறு தொகையினரிடம் செய்தவை. ஆகவே சி-ஆர்மை நாளையே வெளியே தள்ளுங்கள் என்று நான் எழுதவில்லை. அது இல்லாத இடத்தில், அல்லது பழுதாகிக் கிடக்கும் நாளில், ஊசியைக் குருட்டுத்தனமாகச் செலுத்த வேண்டியதில்லை, நோயாளியை முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்கு எழுதிவிட வேண்டியதுமில்லை என்ற நிலையை உருவாக்கலாம் என்றே சொல்கிறேன்.

எதிர்வாதங்களில் மிக வலியது, கழியொலி முழுக்க முழுக்க அதைப் பிடிப்பவரின் திறமையில் தங்கியிருக்கிறது என்பது. அதை நான் முற்றாக ஒப்புக்கொள்கிறேன். என் வாதமே அதுதான். எக்ஸ்றே எடுத்து அனுப்பிவிடலாம், இன்னொருவர் இன்னொரு நாள் படித்துச் சொல்வார். கழியொலியில் எடுப்பதும் படிப்பதும் ஒரே கணத்தில், ஒரே ஆளால் நடக்க வேண்டும். ஆளில்லாத கருவி வெறும் பெட்டி. நம்மவர்களோ பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு ஆளை மறந்துபோகிறார்கள்.

இது வெறும் மனத்தாங்கலன்று. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, வளம் குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து 1,12,040 கருவிகள் பற்றிய கணக்கைத் தொகுத்தது. அவற்றில் 38.3 வீதமானவை இயங்காமல் கிடந்தன. காரணங்களாக அவ்வாய்வு சுட்டியவை பயிற்சியின்மை, பராமரிப்பு நிருவாகமின்மை, மின்சாரம் போன்ற அடிப்படை வசதியின்மை ஆகியனவே. கொடுத்தவர் கையில் விழாப் படம் இருக்கிறது, பெற்றவர் களஞ்சியத்தில் பழுதான பெட்டி இருக்கிறது. முப்பதாண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி கையளிக்கும் வைபவத்துக்கு அழைப்பிதழ் தவறாமல் வருகிறது. ஓராண்டின் பின் அக்கருவி எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று சொல்லும் வைபவத்துக்கு எவரும் என்னை அழைத்ததில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி நமக்குக் கற்பித்த பாடமும் இதுவே. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த நேர்ந்தது. நாடெங்கும் அவ்வாறான செய்திகள் வந்தன. மருந்து பின்னர் கப்பலில் வந்தது. ஆனால் அக்காலத்தில் கூட்டங்கூட்டமாக வெளியேறிய வைத்தியர்கள் கப்பலில் திரும்பி வரவில்லை. கருவியை இறக்குமதி செய்யலாம், அனுபவத்தை அவ்வாறு செய்ய முடியாது. கொழும்பும் கண்டியுமே ஆளிழந்து தவிக்கையில் கிழக்கின் கதி என்னவென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நிற்க. படத்தின் மேல் நமக்குள்ள மூடபக்தியையும் சற்றுக் கடிய வேண்டும். நோவே இல்லாதவர்களின் இடுப்பு மூட்டுகள் 2,114ஐப் பற்றிய ஆய்வுகளை 2015இல் திரட்டிப் பார்த்தபோது, 37 வீதமானவற்றில் இந்தப் புடைப்பு இருந்தது. படத்தில் புடைப்புத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கத்தியைத் தூக்குவது எவ்வளவு பெரிய பிழை என்பது இதனால் புலனாகும். நோவு, கையால் செய்யும் சோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அது நோய் என்று 2016ஆம் ஆண்டின் வோர்விக் உடன்பாட்டில் பல நாட்டு நிபுணர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். மூன்றில் இரண்டுக்கு இயந்திரமே தேவையில்லை, கேட்கின்ற காதும் தொடுகின்ற கையும் போதும்.

சத்திரசிகிச்சைதான் ஒரே வழி என்பதும் அன்று. பிரித்தானியாவின் 23 மருத்துவமனைகளில் 348 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குத் துளைவழிச் சத்திரசிகிச்சை, மற்றப் பகுதியினருக்கு இயன் மருத்துவர் தனித்தனியாக வகுத்த பயிற்சி. ஓராண்டின் பின் இரு பகுதியினரும் முன்னேறியிருந்தனர். 100 புள்ளி அளவையில் சத்திரசிகிச்சை பெற்றோர் 6.8 புள்ளிகள் முன்னின்றனர். அது பொருட்படுத்தத்தக்க வேறுபாடுதான். ஆனால் அவ்வோராண்டுக் கணக்கில் செலவுக்கேற்ற பயன் சத்திரசிகிச்சைக்கு இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே எங்களூர் இளைஞனுக்கு முதலில் வேண்டியது நல்லதோர் இயன் மருத்துவர். அதில் குணமாகாத சிலருக்கே சத்திரசிகிச்சை. இரண்டுக்கும் இடையில், எவரை எந்த வழியில் அனுப்புவது என்று தீர்மானிக்க உதவுவது கழியொலி பழகிய கை.

அந்தக் கை பழகிவிட்டால் பயன் இந்நோயோடு நின்றுவிடாது. 2018இல் கனடாவின் ரொறன்ரோ மருத்துவர்கள், இடுப்பு மூட்டின் நரம்புக் கிளைகளைக் கழியொலியால் கண்டு மரப்பூசி ஏற்றும் புதிய முறையை விளக்கினார்கள். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பாட்டி, சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களில் துடிக்காமல் கிடக்க அது உதவுகிறது. பால்குடிக் குழந்தையின் பிசகிய மூட்டை, நடக்கத் தொடங்கி நொண்டிய பின்பன்றி முன்னரே கண்டுகொள்ளவும் இதே ஒலிதான் வேண்டும். குழந்தை, இளைஞன், பாட்டி என மூன்று தலைமுறைக்கும் ஒரே கருவி, ஒரே கைப்பழக்கம்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. சுகாதார அமைச்சு, கழியொலியைக் கதிர்ப்படப் பிரிவின் நான்கு சுவருக்குள் பூட்டி வைக்காமல், எலும்பு முறிவு கிளினிக்கிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் மயக்க மருந்து வைத்தியரின் கையிலும் இயன் மருத்துவப் பிரிவிலும் பழகவிட வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து மாணவர் எவரும் அதைப் பிடித்துப் பழகாமல் வெளியேறக் கூடாது. பயிற்சி பெற்றவரை ஆறு மாதத்தில் இடமாற்றம் செய்து, மறுபடியும் வெறும் பெட்டியை விட்டுச்செல்லும் கூத்து நிற்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் நீங்கள் சேர்க்கும் பணம் வியர்வையின் விலை என்பதை நான் அறிவேன். அதனாலேயே கேட்கிறேன்: ஒரு கருவிக்குச் சேர்க்கும்போது, அதே அளவு பணத்தைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேருங்கள். அது முடியாதென்றால் கருவியையும் அனுப்பாதீர்கள். உங்களிடையே சத்திரசிகிச்சை நிபுணர்களும் மயக்க மருந்து நிபுணர்களும் இயன் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேடையேறிப் பொன்னாடை பெற்றுப் போவதற்காக வரவேண்டாம். இரண்டு வாரம் நின்று, இளம் வைத்தியரின் கையைப் பிடித்து ஊசியின் கோணத்தைக் காட்டிக் கொடுக்க வரட்டும். திரும்பிச் சென்ற பின்னும், இங்கிருந்து அனுப்பும் படங்களை வாரமொரு முறை பார்த்துச் சரிபிழை சொல்லட்டும். நினைவுக் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத உதவி இது. பலன் தருவதும் இதுவே.

இங்கிருக்கும் வாசகர்களுக்கு வேறொரு வேலையுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமது கையிலிருக்கிறது. உங்கள் மாவட்டத்து வைத்தியசாலைகளில் எத்தனை கழியொலிக் கருவிகள் உள்ளன, எத்தனை இயங்குகின்றன, அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சி பெற்றோர் எத்தனை பேர், கடைசியாகப் பயிற்சி நடந்த திகதி எது என்று நான்கு கேள்விகளை எழுதி அனுப்புங்கள். அரசியல்வாதியின் உரையிலிருந்து கிடைக்காத உண்மை அந்த நான்கு விடைகளிலிருந்து கிடைக்கும். விடை வராவிட்டால் மேன்முறையீடு செய்யுங்கள், அதுவும் பயனளிக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவரை செல்லுங்கள்.

கருவிகள் இனியும் வரும், நாடா வெட்டுவதற்குக் கத்தரிக்கோலும் வரும். அடுத்த தடவை அத்தகைய வைபவமொன்றில் நீங்கள் இருக்க நேர்ந்தால், கைதட்டி முடிந்ததும் எழுந்து நின்று, "நாளைக் காலை எட்டு மணிக்கு இதைப் பிடிக்கப் போகிறவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். மேடையிலுள்ள எவராலும் ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லையென்றால், அன்று திறந்துவைக்கப்பட்டது மருத்துவமுமல்ல, தானமுமல்ல.